பிராக்கெட் போட்டா தப்பு, எடுத்தா சரி

பழைய சாஃப்ட்வேரை வேற லாங்குவேஜுக்கு மாத்துற ப்ராஜெக்ட்ல எஸ்டிமேட் போடுறப்போ ஸ்கிரீனுக்கு இத்தனை நாள், ரிப்போர்ட்டுக்கு இத்தனை நாள்னு கணக்குப் போடுவாங்க, பிரின்டருக்குக்கூட தனியா ஒரு வரி இருக்கும், ஆனா ஃபிளாக் (ஒரு என்ட்ரி லாக் ஆச்சா, கேன்சல் ஆச்சான்னு சொல்ற ஆமா-இல்ல அடையாளம்) செக் பண்ற இஃப் வரிகளுக்குன்னு யாரும் அரை நாள் கூட ஒதுக்கிப் பார்த்ததில்ல. கேட்டா ஒரே பதில்தான். "அதுல என்னங்க இருக்கு, ஆண்ட் இருந்தா & போடு, நாட் இருந்தா ! போடு, மத்ததெல்லாம் அப்படியே காப்பி." இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு இப்பல்லாம் வயித்தைக் கலக்குது. டேட் ஃபார்மேட்டு, ரவுண்டிங்கு இதுலல்லாம் மாத்தும்போது பிரச்சனை வரும்னு எல்லாருக்கும் தெரியும், அதனால கவனமா இருப்பாங்க. பிட் செக்ல மட்டும் ரெண்டு பக்கமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கண்ணு அதைத் தாண்டிப் போயிடும். ஒரு திருப்பூர் கம்பெனி வேலையில இதுல மாட்டினதுலேர்ந்து இது மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கு, எழுதிட்டா இறங்கும்னு நினைக்கிறேன்.

கம்பெனி பேர் வேண்டாம். நூல் வாங்கி, நிட்டிங்குக்கும் டையிங்குக்கும் வெளிய அனுப்பி, திரும்ப வந்ததைத் தைச்சு ஏத்துமதி பண்றவங்க. அக்கவுண்ட்ஸ், ஸ்டாக், டெலிவரி சலான் (சுருக்கமா டிசி) எல்லாமே விபி6-ல, அதாவது மைக்ரோசாஃப்டோட பழைய விஷுவல் பேசிக் 6-ல எழுதின ஒரே ப்ரோக்ராம், பின்னாடி டேட்டாபேஸுக்கு எஸ்க்யூஎல் சர்வர். விபி6 வந்தது 1998-ல, மைக்ரோசாஃப்ட் அந்த எடிட்டருக்கு சப்போர்ட்டை 2008-லயே நிறுத்திட்டாங்க, ஆனா அதுல எழுதின எக்ஸிஇ இன்னிக்கும் புது விண்டோஸ்ல ஜம்முனு ஓடும், அதனாலதான் இந்த மாதிரி ப்ரோக்ராம் சாகவே மாட்டேங்குது. ஒவ்வொரு என்ட்ரிக்கும் ஃபிளாக்ஸ்னு ஒரு நம்பர் காலம். போஸ்ட் ஆனா 1, பிரின்ட் ஆனா 2, லாக் ஆனா 4, கேன்சல் ஆனா 8, இப்படி மொத்தம் எட்டு பிட், அந்த நம்பரோட பைனரி வடிவத்துல ஒவ்வொண்ணுக்கும் ஒரு 0/1 இடம். ராத்திரி டே-எண்ட் ஓடினா அன்னைக்குள்ள என்ட்ரி எல்லாத்துக்கும் லாக் பிட் விழுந்துடும். இதை பிரவுசர்ல ஓடுற மாதிரி மாத்தணும், சர்வர் பக்கம் நோட் ஜேஎஸ், சாதா ஜாவாஸ்கிரிப்ட்.

புது சிஸ்டம் லைவ் போன கையோட ரெண்டு போன். முதல்ல அக்கவுண்டன்ட் அண்ணன். "தம்பி, வவுச்சர்ல நரேஷன் மாத்தலாம்னு போனா விடமாட்டேங்குதுங்க, பழசுல எல்லாம் மாத்திக்கிட்டுத்தானுங்க இருந்தோம்." நரேஷன்னா வவுச்சர்ல எழுதுற விவரக் குறிப்பு. அடுத்து குடோன் இன்சார்ஜ். "ஏனுங்க, டிசியைத் திருத்தவே முடியலீங்க, இப்பத்தான் போட்டது, அதையே தொட விடமாட்டேங்குது." எங்க டீம்ல டிக்கெட் எழுதினவர் ரெண்டையும் சேர்த்து 'எடிட் வேலை செய்யலை'ன்னு ஒரே டிக்கெட்டா போட்டுட்டார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது, கேக்குறதுக்கு ஒரே புகார்தான்.

பழைய கோடைத் திறந்து பார்த்தா ரெண்டு ஸ்கிரீன்லயும் எடிட் பட்டனை ஆன் பண்ற வரி கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

வவுச்சர்ல: இஃப் நாட் (ஃபிளாக்ஸ் ஆண்ட் லாக்டு) தென்

டிசில: இஃப் நாட் ஃபிளாக்ஸ் ஆண்ட் லாக்டு தென்

மாத்தி எழுதின தம்பி ரொம்ப நேர்மையா, பிராக்கெட் கூட இடம் மாறாம கொண்டு வந்திருந்தான்.

வவுச்சர்ல: இஃப் (!(ஃபிளாக்ஸ் & லாக்டு))

டிசில: இஃப் (!ஃபிளாக்ஸ் & லாக்டு)

இதைப் பார்த்ததும் ரூம்ல இருந்த எல்லாரும் சொன்னது ஒண்ணுதான்: டிசி வரியில பிராக்கெட் விட்டுப்போச்சு, பழைய ஆளே தப்பா எழுதியிருக்கான், வவுச்சர் வரிதான் சரி. சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட்னு பழகின கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். ! முதல்ல ஃபிளாக்ஸோட ஒட்டிக்கும், அதோட ரிசல்ட் ட்ரூ இல்லைன்னா ஃபால்ஸ், அதாவது 1 இல்லைன்னா 0, அதைக் கொண்டு போய் 4-ஓட ஆண்ட் பண்ணினா, அதாவது ரெண்டு நம்பர்லயும் 1-ஆ இருக்கிற பிட்டை மட்டும் வச்சா, எப்பவுமே 0. அதனால பட்டன் எந்த என்ட்ரிக்கும் ஆன் ஆகாது. குடோன் புகார் சரிதான், புரிஞ்சுபோச்சு. ஆனா ஒண்ணு இடிச்சுது. பழைய ஆள் தப்பா எழுதியிருந்தா, பழைய ப்ரோக்ராம்ல இத்தனை வருஷம் டிசி எடிட் எப்படி ஒழுங்கா வேலை செஞ்சுது? அதைவிட, வவுச்சர் வரி சரின்னா லாக் ஆன வவுச்சரை அண்ணன் எப்படித் திருத்திக்கிட்டே இருந்தார்?

விபி6 எடிட்டர் ஒரு விண்டோஸ் எக்ஸ்பி விர்ச்சுவல் மெஷின்ல இன்னும் இருந்துச்சு. அதைத் திறந்து இமீடியட் விண்டோல 'நாட் 4' எவ்வளவுன்னு கேட்டேன். -5-ன்னு சொல்லுச்சு.

அந்த -5-ல எல்லாமே தலைகீழாச்சு.

விபிக்கு ட்ரூன்னா -1

விபி6-ல ஆண்ட், ஆர், நாட் எதுவுமே லாஜிக்கல் ஆபரேட்டர் (ட்ரூவா ஃபால்ஸான்னு மட்டும் பார்க்கிறது) கிடையாது, எல்லாமே பிட்வைஸ், நம்பரோட ஒவ்வொரு பிட்டா வேலை செய்யும். லாஜிக்குக்குன்னு தனியா ஒண்ணு வைக்காம ஒரே செட்டை வச்சே ஓட்டுறதுக்கு அவங்க பண்ணின வேலை என்னன்னா, ட்ரூவோட மதிப்பை -1-ன்னு வச்சாங்க. டூஸ் காம்ப்ளிமென்ட்ல, அதாவது கம்ப்யூட்டர் மைனஸ் நம்பரை வச்சுக்கிற முறையில, -1-ன்னா எல்லா பிட்டும் 1. அப்போ நாட் 0 பண்ணினா -1, நாட் -1 பண்ணினா 0. கையில இருக்கிறது 0-வும் -1-உம் மட்டும்னா பிட்வைஸும் லாஜிக்கலும் ஒண்ணாப் போயிடும், ரொம்ப அழகான ஏற்பாடு. இதுக்கு நடுவுல 4-னு ஒரு நம்பர் உள்ள வந்தாத்தான் வம்பு. நாட் 4 ஆனா -5, -5 ஜீரோ இல்ல, ஜீரோ இல்லாதது எல்லாமே இஃப்புக்கு ட்ரூ. அதனால வவுச்சர் வரியில லாக் இல்லைன்னா நாட் 0, அதாவது -1, ட்ரூ. லாக் இருந்தா நாட் 4, அதாவது -5, அதுவும் ட்ரூ. பட்டன் எப்பவுமே ஆன். அந்த லாக் ப்ரோக்ராம் எழுதின நாள்லேர்ந்தே ஒரு தடவை கூட வேலை செஞ்சதில்ல.

டிசி வரியை எடுத்துக்குங்க. பிராக்கெட் இல்ல, 'நாட்'டுக்கு 'ஆண்ட்'டைவிட முன்னுரிமை, அதனால முதல்ல ஃபிளாக்ஸோட எல்லா பிட்டும் திரும்பும், அப்புறம் 4-ஓட ஆண்ட். லாக் பிட் 0-வா இருந்தா திரும்பி 1 ஆகி, 4 வரும், ட்ரூ. லாக் பிட் 1-ஆ இருந்தா 0 வரும், ஃபால்ஸ். கச்சிதமா சரி. பார்க்க அசிங்கமா, ஏதோ மறந்துட்ட மாதிரி இருக்கிற வரிதான் விபில சரியான வரி, பொறுப்பா பிராக்கெட் போட்ட வரி தப்பான வரி. ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்தா அப்படியே நேரெதிர், பிராக்கெட் போட்டது சரி, போடாதது தப்பு. ஒரு எழுத்து கூட மாறாம கொண்டு வந்ததுல சரியா இருந்தது தப்பாச்சு, தப்பா இருந்தது சரியாச்சு, ரெண்டு பேரும் ஒரே வார்த்தையில வந்து புகார் சொன்னாங்க. டிசி வரியை நேரா கொண்டு வரணும்னா ! இல்ல, எல்லா பிட்டையும் திருப்புற ~ போடணும், ~ஃபிளாக்ஸ் & லாக்டு. விபியோட நாட் ஒரு இடத்துல ! ஆகணும், இன்னொரு இடத்துல ~ ஆகணும், எங்க எதுன்னு அந்த வரியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, உள்ள இருக்கிறது பூலியனா நம்பரான்னு தேடிப் போகணும். இதே வேலையை ஜாவாலயோ சி ஷார்ப்லயோ பண்ணியிருந்தா முழு நம்பரை ! பண்ண விடமாட்டேன்னு கம்பைலர் அங்கேயே கழுத்தைப் பிடிச்சிருக்கும். ஜாவாக்காரங்களை வாயாடின்னு கிண்டல் பண்ற ஆள்தான் நானும், ஆனா இந்த விஷயத்துல அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு கும்பிடு.

அப்போ வவுச்சரை என்ன பண்றது

டிசியை அஞ்சு நிமிஷத்துல மாத்தியாச்சு. வவுச்சர்லதான் சண்டை. ப்ராஜெக்ட் மேனேஜர் சொன்னது: "நம்ம கான்ட்ராக்ட் என்ன, பழசு என்ன பண்ணுச்சோ அதையே புதுசு பண்ணணும், பழசு திருத்த விட்டுச்சு, அதனால செக்கையே எடுத்துடு." இன்னொருத்தர் கத்தினார், "லாக்னு பேர் வச்சிருக்கான், பூட்டணும்னுதானே எழுதினான், எழுதினவன் மனசுல இருந்ததைத்தான் நாம கொண்டு வரணும்." ரெண்டுலயும் நியாயம் இருக்கு, அதான் கஷ்டம். என் கட்சி ரெண்டுமே இல்ல. அந்த முடிவை எடுக்க நாம யாரு? எழுதினவர் மனசுல என்ன இருந்துச்சுன்னு நமக்கு எப்படித் தெரியும், ஒருவேளை லாக் வேலை செய்யலைங்கிறதைப் பார்த்துட்டு 'இதுவும் வசதியாத்தான் இருக்கு'ன்னு அவரே விட்டிருக்கலாம். கோடைப் படிச்சு நோக்கத்தைக் கண்டுபிடிக்கிறேன்னு கிளம்புறவங்க பெரும்பாலும் தன்னோட நோக்கத்தைத்தான் கண்டுபிடிப்பாங்க. அதே சமயம் பழைய பழக்கம்னு சொல்லி ஓட்டையை ஓட்டையாவே கட்டிக் கொடுத்துட்டு பில் போடுறதும் நல்லா இல்ல. ரெண்டையும் எழுதி, பழசு இப்படிப் பண்ணுச்சு, பேரைப் பார்த்தா இப்படிப் பண்ணியிருக்கணும், உங்களுக்கு எது வேணும்னு கேட்டுடணும்.

கேட்டோம். அக்கவுண்டன்ட் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "அந்த 'எல்' குறி போட்டிருக்கும், ஆனா திறக்குமுங்க, சரி அது சும்மா ஒரு அடையாளத்துக்குன்னு நினைச்சுக்கிட்டோம்" அப்படின்னார். முடிவு பண்ணினது கடைசியில ஆடிட்டர். அது பிரைவேட் லிமிடெட் கம்பெனி, 2023 ஏப்ரல் 1-லேர்ந்து கம்பெனிகளோட அக்கவுண்டிங் சாஃப்ட்வேர்ல யார் எப்போ எதை மாத்தினாங்கன்னு எடிட் லாக் (இந்த லாக் பூட்டு இல்ல, பதிவேடு) இருந்தே ஆகணும், அதை ஆஃப் பண்ணவும் கூடாது. அவர் சொன்னது, லாக் நிஜமாவே பூட்டட்டும், திறக்கணும்னா காரணம் எழுதித் திறக்கட்டும், அது பதிவாகட்டும். ஆக மூணாவதா ஒண்ணு வந்துச்சு, பழசும் இல்ல, எழுதினவர் நினைச்சதும் இல்ல. அண்ணனுக்கு முதல்ல எரிச்சல்தான், ஒரு நரேஷனுக்கு இவ்வளவு சடங்கான்னு. இப்போ பழகிட்டார்.

முன்னுரிமைங்கிற இன்னொரு கண்ணி

இது விபிக்கு மட்டும் வர்ற வியாதின்னு நினைச்சா ஏமாந்து போவீங்க. சில ஃபிளாக் செக் பழைய எஸ்க்யூஎல் ஸ்டோர்டு ப்ரொசீஜர்ல (டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைக்கிற கோடு) இருந்துச்சு, 'சமமில்ல'ங்கிறதுக்கு அங்க <>, ஜாவாஸ்கிரிப்ட்ல !=, 'ஃபிளாக்ஸ் & 4 <> 0'ன்னு. எஸ்க்யூஎல் சர்வர்ல & முதல்ல நடக்கும், ஒப்பீடு அப்புறம், அதனால சரி. அதையே ஜாவாஸ்கிரிப்ட்ல 'ஃபிளாக்ஸ் & 4 != 0'ன்னு கொண்டு வந்தா ஒப்பீடு முதல்ல நடக்கும், 4 != 0 ட்ரூ, ட்ரூன்னா 1, ஆக 'ஃபிளாக்ஸ் & 1'. லாக்கைக் கேட்டா போஸ்டடைப் பத்திப் பதில் வருது! லாக் ஆன என்ட்ரி பெரும்பாலும் போஸ்டும் ஆகியிருக்கும், அதனால டெஸ்ட்ல எல்லாம் பச்சையாத்தான் இருக்கும், அதுதான் கொடுமை.

இந்தத் தலைகீழ் முன்னுரிமை எங்கேர்ந்து வந்துச்சுன்னு சி லாங்குவேஜை உருவாக்கின டெனிஸ் ரிட்சியே 1993-ல எழுதியிருக்கார். சி லாங்குவேஜுக்கு முன்னாடி இருந்த பி லாங்குவேஜ்ல லாஜிக்கல் ஆண்டுக்குன்னு தனியா && கிடையாது, இஃப்புக்குள்ள & வந்தா அதையே லாஜிக்கலா எடுத்துக்கும், அதனால 'அ == ஆ & இ == ஈ'ன்னு எழுதினா ஒப்பீடு முதல்ல நடக்கிறதுதான் நியாயம். அப்புறம் && தனியாப் பிரிஞ்சுது, அப்பவே &-ஐ மேல தூக்கி வச்சிருக்கணும், ஆனா பிலேர்ந்து சிக்கு மாறுற கோடு உடைஞ்சுடுமேன்னு பழைய இடத்துலயே விட்டுட்டாங்க, மாத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும்னு பின்னாடி தோணுதுன்னும் ஒத்துக்கிட்டார். கவனிச்சீங்களா, அதுவே ஒரு மைக்ரேஷன் பிரச்சனைதான். அந்த முடிவைத்தான் சி ப்ளஸ் ப்ளஸ், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், சி ஷார்ப், பிஎச்பி எல்லாம் வாரிசா வாங்கிக்கிட்டு வந்திருக்கு. பைத்தான், ரஸ்ட், கோ இதெல்லாம் வாங்கிக்கல. பி லாங்குவேஜை எழுதினவர் கென் தாம்சன், கோ லாங்குவேஜை உருவாக்கின மூணு பேர்ல அவரும் ஒருத்தர், கோல &-க்குப் பெருக்கல் குறிக்குச் சமமான இடம். கோல யாரும் பிராக்கெட் போட மாட்டாங்க, 'ஃபிளாக்ஸ்&லாக்டு != 0'ன்னு வெறுமனே எழுதுறதுதான் வழக்கம். அந்த வரியை எடுத்து ஜாவாஸ்கிரிப்ட்ல ஒட்டினா மேல சொன்ன அதே கதை.

ரூபிக்கோ லுவாக்கோ போனா வேற மாதிரி அடி. அங்க 0-வே ட்ரூ. சியில 'இஃப் (ஃபிளாக்ஸ் & லாக்டு)'ன்னு இருக்கிறதை அப்படியே கொண்டு போனா எப்பவும் ட்ரூ, எர்ரரும் கிடையாது ஒண்ணும் கிடையாது.

யாராவதா, எல்லாருமா

சரி, எல்லாத்துக்கும் பிராக்கெட் போட்டு != 0 போட்டு எழுதிட்டோம், முடிஞ்சுதான்னா, அப்பதான் கிளீனப் பண்றேன்னு ஒருத்தர் வருவார். இதை வேற ஒரு சி ஷார்ப் டீம்ல பார்த்தேன். 2010-ல டாட் நெட் 4-ஓட ஹேஸ்ஃபிளாக்னு ஒரு மெத்தட் வந்துச்சு, படிக்க நல்லா இருக்கும், அதனால (ஃபிளாக்ஸ் & மாஸ்க்) != 0 எல்லாத்தையும் ஒரே மூச்சுல ஹேஸ்ஃபிளாக்கா மாத்திட்டாங்க. மாஸ்க்ல, அதாவது நாம தேடுற பிட்டெல்லாம் சேர்ந்த நம்பர்ல, ஒரே பிட் இருந்தா ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டு பிட் சேர்ந்த மாஸ்க்னா மாறிப்போயிடும். முதலாவது கேக்குறது வீட்டுல யாராவது இருக்காங்களான்னு, ஹேஸ்ஃபிளாக் கேக்குறது வீட்டுல எல்லாரும் இருக்காங்களான்னு. மாஸ்க் 0-வா இருந்தா இன்னும் கூத்து, முதலாவது எப்பவுமே ஃபால்ஸ், ஹேஸ்ஃபிளாக் எப்பவுமே ட்ரூ. படிக்க அழகா இருக்குன்னு மாத்தினதுல அர்த்தம் மாறிடுது, பெரும்பாலான இடத்துல மாறாததனால ரிவ்யூலயும் மாட்டாது. ரூபி 2.5-ல எனிபிட்ஸ், ஆல்பிட்ஸ், நோபிட்ஸ்னு மூணு தனி மெத்தடே கொடுத்துட்டாங்க, யாராவதா எல்லாருமா யாருமில்லையான்னு எழுதுறவர் வாயால சொல்லியே ஆகணும். எல்லா லாங்குவேஜ்லயும் முதல் நாளே இருந்திருக்க வேண்டியது இது. நாங்க நோட் ஜேஎஸ்ல அதே மூணை சின்ன ஃபங்ஷனா எழுதி வச்சுக்கிட்டு, வேற எங்கயும் நேரா & போடக்கூடாதுன்னு லின்ட் ரூலும் (கோடைத் தானா செக் பண்ற டூலுக்கு ஒரு விதி) போட்டாச்சு.

ஃபிளாக்கே இல்லாததை ஃபிளாக்னு நினைக்கிற கேஸும் ஒண்ணு உண்டு, யூனிக்ஸ் ஃபைல் மோட், ஒரு ஃபைல் என்ன வகைன்னு சொல்ற நம்பர். டைரக்டரிக்கு ஆக்டல்ல (எட்டை அடிப்படையா வச்ச எண் முறை) 040000, பிளாக் டிவைஸுக்கு 060000, சாக்கெட்டுக்கு 0140000. 040000-ஓட ஆண்ட் பண்ணி ஜீரோ இல்லைன்னா டைரக்டரின்னு எழுதினா மூணுமே டைரக்டரி ஆயிடும். அங்க 0170000-ன்னு முழு மாஸ்க் போட்டு அப்புறம் சமமான்னு பார்க்கணும். அந்த 0-வை முன்னாடி வச்சு எழுதுற ஆக்டல் கூட எல்லா ஊர்லயும் செல்லாது, சியில 0644-ன்னா 420, சி ஷார்ப்லயும் ரஸ்ட்லயும் அது வெறும் அறுநூத்தி நாப்பத்தி நாலு.

திருப்பூருக்கு வர்றேன். இவ்வளவுக்கும் அப்புறம் கோடைக் கண்ணால படிச்சு மாத்துறதை நிறுத்திட்டோம். எட்டு பிட்டுன்னா மொத்தமே 256 சேர்க்கைதான். ஃபிளாக் செக்கைப் போல முழுசா டெஸ்ட் பண்ணித் தீர்க்கக்கூடிய விஷயம் வேற எதுவுமே இல்ல, அதையும் நாம 'சாம்பிள் பார்த்தாச்சு'ன்னு விடுறோம்! விபில 0-லேர்ந்து 255 வரைக்கும் லூப் போட்டு, பழைய ஒவ்வொரு இஃப் வரியும் எதுக்கு ட்ரூ எதுக்கு ஃபால்ஸ்னு ஃபைல்ல எழுத வச்சோம், நோட் ஜேஎஸ்லயும் அதே, அப்புறம் ரெண்டு ஃபைலையும் டிஃப், அதாவது வரிக்கு வரி ஒப்பீடு. வித்தியாசம் வந்த வரிகளை மட்டும் உக்காந்து பேசினோம்.

அதுல வந்ததுதான் கேன்சல் ரிப்போர்ட். விபில 'ஃபிளாக்ஸ் ஆண்ட் கேன்சல்டு = கேன்சல்டு'ன்னு பிராக்கெட் இல்லாம இருந்துச்சு. அங்கயும் ஒப்பீடுதான் முதல்ல, அது ட்ரூ, ஆனா விபியோட ட்ரூ -1, அதோட ஆண்ட் பண்ணினா ஃபிளாக்ஸே திரும்ப வரும், ஏதோ ஒரு பிட் இருந்தாப் போதும் லிஸ்ட்ல வந்துடும். ஜாவாஸ்கிரிப்ட்ல அதே வரி 1-ஓட ஆண்ட் ஆகி, போஸ்ட் ஆனது மட்டும் வரும். ஒரே தப்பு, ரெண்டு ஊர்ல ரெண்டு விடை, ரெண்டுமே கேன்சல் லிஸ்ட் கிடையாது. குடோன் இன்சார்ஜ்கிட்ட காட்டி, இத்தனை வருஷமா இந்த ரிப்போர்ட்டை வச்சு என்னதான் பண்ணினீங்கன்னு கேட்டேன். "அதுலதானுங்க எல்லா டிசியும் ஒரே இடத்துல வரும், தினம் சாயங்காலம் அதைத்தான் எடுத்து டிக் அடிப்போம்" அப்படின்னார். கண்டிஷனை 'ஃபிளாக்ஸ் !== 0'ன்னு எழுதி, ரிப்போர்ட் பேரை 'எல்லா டிசி'ன்னு மாத்திக் கொடுத்தோம். நிஜமாவே கேன்சல் ஆனதுக்குத் தனியா ஒரு ரிப்போர்ட் வேணுமான்னு கேட்டதுக்கு, "அதெல்லாம் யாருங்க பாக்கறாங்க"ன்னுட்டார்.